நஸீரா மிஸ்ஸும் குளிர் மெஷினும்

ஐசியு தாதி நஸீரா மிஸ்ஸின் நம்பரை என் போனில் 'ஐசியு குளிர் மெஷின்' என்றுதான் பதிந்து வைத்திருந்தேன். அந்தப் பெயர் திரையில் வந்தபோது நான் கந்தளாய் ஆஸ்பத்திரியில் ஒரு மயக்கமருந்து மெஷினைத் திருத்துவதற்காகக் கழற்றிப் போட்டிருந்தேன். "என்ன பழுது மிஸ்?" என்று கேட்டேன். பேசியது அவருடைய மகள் ரிஃப்கா. உம்மா மௌத்தாகிவிட்டார், மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றாள். முந்தின நாள் பின்னேரம் வீட்டில் இதயம் நின்றிருக்கிறது. ஆஸ்பத்திரியில் திரும்ப ஓட வைத்தார்கள். நினைவு திரும்பவேயில்லை. கழற்றியதை அப்படியே விட்டுவிட்டு வர ஏலாது, அன்றைக்கு அதில் ஒரு சத்திரசிகிச்சை இருந்தது. பூட்டி முடித்துக் கிண்ணியாவுக்குப் போனபோது, அடக்கம் முடிந்து ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

அவரோடு ஐசியுவில் வேலை செய்த நீங்கள் எல்லோரும் அவர் நல்லவர் என்று சொல்வீர்கள். நல்லவர்தான். எனக்குத் தொல்லையாகவும் இருந்தார்.

அந்த மெஷின் வந்தபோது உங்களுக்கு அதைப் பழக்கியவன் நான். தொடையிடுக்கு ரத்தநாளம் வழியாகக் கதீற்றர் என்ற மெல்லிய குழாய் உள்ளே போகும். அதிலுள்ள சிறு பலூன்களுக்குள் மெஷின் குளிர்ந்த சேலைனைச் சுற்ற விடும். சேலைன் ரத்தத்தோடு கலக்காது. பலூனைத் தொட்டுக்கொண்டு ஓடும் ரத்தம் குளிரும். இதயம் நின்று திரும்ப ஓடத் தொடங்கிய ஆளை ஒரு நாள் முப்பத்துமூன்று பாகையில் வைத்திருந்து, பிறகு மெதுவாகச் சூடாக்குவோம். மூளை தப்பட்டும் என்பதற்காக. இதை நான் பதினைந்து நிமிடத்தில் சொல்லி முடித்தேன். பலூன் வெடித்தால் என்ன நடக்கும் என்று நஸீரா மிஸ் கேட்டார். வெடிக்காது என்றேன். "ஏன் தம்பி, நீங்க ஊதின பலூனா?" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். பிறகு நான் பதிலை ஒழுங்காகச் சொல்ல வேண்டியதாயிற்று.

நோயாளியின் வெப்பநிலையைப் பாருங்கள் என்றுதான் நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். முதல் வாரமே அவர் போன் எடுத்தார். "ஆள் முப்பத்துமூண்டிலயே நிக்கிறார். மெஷின்ட தண்ணிதான் நாலு பாகைக்கு இறங்கிப்போட்டுது. மெஷின் களைக்குது தம்பி. இவருக்கு உள்ளுக்குக் காய்ச்சல்." மெஷின் காய்ச்சலை மறைத்துவிடும், தண்ணீரின் எண்தான் அதைக் காட்டிக்கொடுக்கும் என்பதை அவர் தானாகவே கண்டுபிடித்திருந்தார். பரிசோதனையில் கிருமி இருந்தது.

பிறகு நிலாவெளிக்காரர் வந்தார். கரைவலை இழுக்கும்போது இதயம் நின்று மணலில் விழுந்தவர். எங்களிடம் மிஞ்சியிருந்த கடைசிக் கதீற்றரை அவருக்குப் போட்டார்கள். அடுத்த நாள் காலை தண்ணீரின் எண் இறங்கிக்கொண்டே போக, ஆளின் சூடு ஏறிக்கொண்டே வந்தது. மெஷின் பழுது என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் மெஷினின் மூடியைக் கழற்றிவிட்டேன். நஸீரா மிஸ் போர்வையைத் தூக்கினார். விலா எலும்போடு, பழைய சாரத் துணியில் சுற்றிய ஒரு சோடாப் போத்தல் நிறையச் சுடுதண்ணீர். வைத்தது அவருடைய மனைவி தவமணி.

நான் சத்தம் போட்டேன். தோலும் வெந்திருக்கும், மெஷினும் நின்றிருக்கும் என்றேன். அந்தப் பெண் பயப்படவில்லை. "ஐஸ் மாதிரிக் கிடக்கிறார். செத்த உடம்புதான் இப்பிடி இருக்கும். நீங்கள் மறைக்கிறீங்கள்" என்றாள். அவரை வீட்டுக்குக் கொண்டுபோக அவளுடைய தமையன்மார் வாசலில் வாடகை வானோடு நின்றார்கள். முப்பத்துமூன்று பாகை, அதுதான் இலக்கு என்று நான் விளக்கினேன். அது ஒருவருக்கும் உதவவில்லை.

"தம்பி, நீங்க அந்த மூடியைப் பூட்டுங்க" என்றார் நஸீரா மிஸ். தவமணியின் கையைப் பிடித்து, மெஷினிலிருந்து போகும் குழாயில் ஒரு தரமும் திரும்பி வரும் குழாயில் ஒரு தரமும் வைத்தார். எது குளிர் குறைவு என்று கேட்டார். திரும்பி வருவது என்றாள் அவள்.

"அந்தச் சூடு ஆர்ட உடம்புல இருந்து வருது?"

தவமணி புருஷனைப் பார்த்தாள். குழாயிலிருந்து கையை எடுக்கவில்லை. பிழைப்பாரா என்று கேட்டாள்.

"தெரியாது தங்கச்சி. நாளைக்கும் தெரியாது. சூடாக்கி முடிஞ்ச பிறகுதான் பாக்கலாம். இப்ப கொண்டு போனா ஒரு நாளும் தெரியாமப் போயிடும்."

சொல்லிவிட்டு நகரவில்லை. சாப்பாட்டு நேரத்தையும் விட்டுவிட்டு அவளோடு நின்றார். சூடாக்க வேண்டும் என்றால் கையையும் காலையும் மட்டும் சொக்ஸ் போட்டுச் சூடாக்கச் சொன்னார், அது நடுக்கத்தைக் குறைக்குமாம். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். நிலாவெளிக் கடற்கரையில் யாரிடம் சொக்ஸ் இருக்கிறது? தவமணி தன் மகனின் வெள்ளைப் பள்ளிக்கூடச் சொக்ஸ்களைக் கொண்டுவந்து புருஷனின் கைகளிலும் கால்விரல்களிலும் மாட்டினாள். தமையன்மாரின் வான் திரும்பிப் போனது. மூன்றாம் நாள் அந்த மனிதர் ஒரு கையால் மற்றக் கையிலிருந்த சொக்ஸைக் கழற்றப் பார்த்தார். நஸீரா மிஸ் எனக்குப் போன் எடுத்து, "ஒண்டும் பழுதில்ல. சும்மா வந்து பாருங்க" என்றார். வேலை இருக்கிறது என்றேன். அவரை வார்ட்டுக்கு மாற்றிய பிறகுதான் போனேன்.

அதன் பிறகு கதீற்றர் வரவில்லை. அதைக் கேட்டு மேலிடத்துக்கு நான் இரண்டு கடிதம் எழுதினேன். பதிலில்லை. எரிச்சலில் மூன்றாவதை எழுதாமல் விட்டேன். நஸீரா மிஸ் இரண்டு தரம் ஞாபகப்படுத்தினார். "எழுதினா வாசிக்கவா போறாங்கள்?" என்று கேட்டேன்.

கிண்ணியா வீட்டில், முற்றத்துக் கதிரையில் என்னை இருத்தினார்கள். ரிஃப்கா தேத்தண்ணி கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஐசியுவில் உம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த மெஷின் சும்மா நின்றதைப் பார்த்திருக்கிறாள்.

"கதீற்றர் இருந்திருந்தா உம்மா முழிச்சிருப்பாவா அண்ணா?"

குளிர வைப்பது யாருக்கு எவ்வளவு உதவும் என்பதில் வைத்தியர்களுக்குள்ளேயே ஒரே பேச்சில்லை. அதைச் சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் சொன்னால் அதன் பின்னால் நான் ஒளிந்துகொள்வேன்.

"தெரியாது ரிஃப்கா" என்றேன். "ஆனா நான் மூண்டாவது கடிதம் எழுதேல்லை. அது எனக்குத் தெரியும்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எழும்பிப் போய்விட வேண்டும் போலிருந்தது. என் மோட்டார் சைக்கிள் பத்தடி தூரத்தில்தான் நின்றது. நான் எழும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளும் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். அந்தியில் மஃரிப் பாங்கு சொல்லும்வரை இருவரும் அங்கேயே இருந்தோம்.

மூன்றாவது கடிதத்தை அடுத்த நாள் அனுப்பினேன். நாலாவதையும் எழுதுவேன். நஸீரா மிஸ்ஸிடமிருந்து நான் வைத்திருப்பது இவ்வளவுதான்: தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பிறகும் அந்த இடத்தை விட்டுப் போகாமல் இருப்பது. ரிஃப்காவிடம் நான் சொன்ன விதம் சரியா, கூடிவிட்டதா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. கேட்கலாம் என்றால், நஸீரா மிஸ் ஒருவரிடம்தான் கேட்டிருப்பேன்.