காய்ச்சல் விட்டதும் வெட்டுக்குப் போனவர்

என் கணவர் செல்வராஜ் முதலில் குறை சொன்னது வெளிச்சத்தைத்தான். சமையலறை விளக்கைப் போட்டேன். கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, "அதெ அணை பிள்ளே, கண்ணுக்கு உள்ளெ ஆரோ இடிக்கது போல இருக்கு" என்றார். ஆடி மாதம், விடாத மழை. ரப்பர் வெட்டுகிறவருக்கு முதுகு வலிக்கும், முட்டு வலிக்கும், கண் வலித்து நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் யாருக்காகவோ காத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. கேரள எல்லையில், வெள்ளறடைக்கும் பனச்சமூட்டுக்கும் நடுவில், வீட்டில் இருந்து நைட்டி தைத்துக் கொடுக்கிறவள். எனக்கு வாய் நீளம் என்று எங்கள் சபையில் பெயர். அந்த வாயால் சொல்லியும் நடக்காத ஒன்றைத்தான் இங்கே எழுத்தில் சொல்லப்போகிறேன்.

இரத்தம் பார்த்ததில் டெங்கு என்று வந்தது (பகலில் கடிக்கும் கொசு பரப்பும் காய்ச்சல்). கிளினிக்கில் இருந்த டாக்டர் இளம்பெண், மலையாளி. கஞ்சித் தண்ணி, இளநீர், உப்புக் கரைசல் நிறையக் கொடுக்கச் சொன்னார். தானாக வலி மாத்திரை எதுவும் வாங்கிப் போடக் கூடாது, இரத்தக் கசிவு வரும் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்: "காய்ச்சல் குறையும்போதுதான் கவனமாக இருக்க வேண்டும்." காய்ச்சல் இருக்கும்போது கவனமாக இருக்க வேண்டும் என்று சொன்னதாகவே எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. குறைந்த பிறகு எதற்குக் கவனம்?

என் கணவர் வெட்டிக்கொண்டிருந்தது பிள்ளை சாரின் ரப்பர் மரங்களை. சார் திருவனந்தபுரத்தில் இருக்கிறார், ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரி. ரப்பர் ஷீட் விற்றால் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு. மரத்தைக் கீறினால் பால் வடிந்து, கம்பியில் மாட்டிய தேங்காய்ச் சிரட்டையில் விழும். மழை நாளில் வெட்டு இருக்காது. அன்றைக்கெல்லாம் அந்தச் சிரட்டைகளில் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரில்தான் இந்தக் கொசு முட்டையிடும். வெட்டு இல்லாத நாளில் சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள் என்று சுகாதாரத் துறையிலிருந்து வருகிற பெண் வீடு வீடாகச் சொன்னாள். பிறகு அவளும் காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

யாரும் கவிழ்க்கவில்லை. சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் இலை உதிர்ந்து வெட்டை நிறுத்தும்போதுதான் சிரட்டையைக் கவிழ்ப்பார்கள். நடுப்பருவத்தில் கவிழ்ந்து கிடந்தால் வெட்டுக்காரன் விட்டுப் போய்விட்டான் என்று அர்த்தம். காரில் வருகிற முதலாளி இறங்கக்கூட மாட்டார். ரோட்டில் இருந்தே பார்த்துவிட்டு வேறு ஆளைத் தேடிவிடுவார்.

"நான் போய்க் கவுத்திட்டு வாறேன்" என்றேன்.

படுக்கையிலிருந்தே கையை ஆட்டினார். "வேண்டாம் பிள்ளே. சாரு ஞாயிறாழ்ச்ச வருவாரு. கவுந்து கெடந்தா மரம் போச்சு."

"மரம் பெருசா, உசிரு பெருசா?"

"மரம் போனா உசிர வச்சு என்னெ செய்ய?" என்றார். எரிச்சலில் கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

சில நாள் கழித்துக் காய்ச்சல் விட்டது. உடம்பெல்லாம் வேர்த்து, நெற்றி குளிர்ந்திருந்தது. நான் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினேன். மழையும் அன்று விட்டிருந்தது. விடியுமுன்பே பாலில்லாத கட்டன்சாயா குடித்தார், வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் தடுக்கவில்லை, சந்தோஷமாகத்தான் அனுப்பினேன்.

விடிந்து வெகுநேரம் ஆகியும் பால் வாளியோடு வரவில்லை. தேடிப் போனேன். மேல் வரிசையில் ஒரு மரத்தடியில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். கையும் காலும் ஐஸ் மாதிரி இருந்தன. ஈறில் இரத்தம். "ஒண்ணும் இல்ல பிள்ளே, தலெ சுத்துனது ஆக்கும்" என்றார்.

பனச்சமூட்டில் ஓடிப்போய்ப் பார்த்தால் ஸ்டாண்டில் ஓர் ஆட்டோ இல்லை. ஓட்டுகிறவர்கள் வீட்டில் எல்லாம் காய்ச்சல். மார்க்கெட்டுக்கு மரச்சீனிக் கிழங்கு ஏற்றி வந்த ஒரு வண்டிக்காரரின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். பாதி மூட்டையை ரோட்டோரத்தில் இறக்கிப் போட்டுவிட்டு, மேட்டடிக்கு வந்து, மீதிக் கிழங்கின் மேல் என் கணவரைப் படுக்கவைத்து நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோனார். அங்கே பார்த்துவிட்டு உடனே ஆம்புலன்ஸில் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு டாக்டர் எனக்கு எடுத்துச் சொன்னார். இந்தக் காய்ச்சலில் சூடு இறங்குகிற நேரத்தில் இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கலாம். இரத்தத்தில் உள்ள நீர் வயிற்றிலும் நெஞ்சிலும் போய்ச் சேரும், அழுத்தம் விழும். தட்டணுக்களும் (இரத்தம் உறைய உதவும் சிறு அணுக்கள்) குறையும். வயிற்றுவலி, வாந்தி, கைகால் குளிர்வது, ஈறில் இரத்தம், சிறுநீர் குறைவது, இதில் ஒன்று கண்டாலும் காத்திருக்கக் கூடாது.

"காய்ச்சல் விட்ட பிறகு வேலைக்கு விட்டீர்களா?" என்று கேட்டார். அவர் திட்டவில்லை. தினமும் இதையே யாரிடமாவது கேட்டுக் களைத்த குரல் அது.

இரத்தக் கசிவு நிற்காததால் தட்டணு ஏற்ற வேண்டும், இரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். எங்கள் போதகருக்குப் போன் செய்தேன். சபைப் பிள்ளைகள் வேலையைப் போட்டுவிட்டு ஒரு ஜீப் நிறைய வந்து இறங்கினார்கள். அதைக் கண்டதும் அழுதுவிட்டேன். உள்ளே போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் வந்திருந்தது. ஊரிலேயே எடுக்கத்தக்க இரத்தம் இல்லை.

"அக்கா, நாங்க என்னெ செய்ய?" என்று ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். அவர்கள் மேல் எனக்கு என்ன கோபம் இருக்க முடியும்? சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். பக்கத்துக் கட்டிலில் தாயைக் கிடத்தியிருந்த கொல்லத்துக்காரர், முன்பின் தெரியாதவர், தானே எழுந்து வந்து இரத்தம் கொடுத்தார். பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வராந்தாவில் ஒரு டிவி. கோட்டுப் போட்ட ஒருவர் கொசுக் காய்ச்சலால் நாட்டுக்கு ஏற்படும் பொருளாதார இழப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு எரிந்தது. ஆஸ்பத்திரிச் செலவையும் மருந்துச் செலவையும் அவர் கூட்டியிருப்பார். ரோட்டோரத்தில் இறக்கிப் போட்ட மரச்சீனியைக் கூட்டினாரா? காய்ச்சலில் கிடக்கிறவன் வாடகைக்கு எடுத்த ஆட்டோ முற்றத்தில் நனைந்து நிற்பதை? ஜீப்பில் வந்து வெறுங்கையோடு திரும்பிய பிள்ளைகளின் அன்றைய கூலியை? நான் தைக்காமல் போட்டு வந்த துணியைக் கடைக்காரர் வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டாரே, அது எந்தக் கணக்கில் வரும்? எங்கள் ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேரளா, அந்தப் பக்கம் தமிழ்நாடு. இந்தப் பக்கம் புகை அடிக்கிற அன்று கொசு அந்தப் பக்கம் போய் இருந்துவிட்டு வரும். அந்தக் கொசுவுக்கு நாடு ஒன்றுதான்.

நடுவில் ஒருநாள் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. நேரே மரத்துக்குப் போனேன். முதல் சிரட்டைத் தண்ணீரிலேயே புழு நெளிந்தது. அவரிடம் கேட்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. ஒவ்வொரு சிரட்டையாகக் கொட்டிக் கவிழ்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். இன்றைக்கும் அதற்காக வருந்தவில்லை.

கர்த்தர் கிருபையால் அவர் பிழைத்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் பிள்ளை சார் போன் செய்தார். தன்மையாகத்தான் பேசினார். "சிரட்டெ கவுந்து கெடந்ததெ பாத்தேன். செல்வராஜ் நிறுத்தியாச்சு எண்ணு நினெச்சேன் அம்மா. சுகுமாரன் கேட்டான், வாக்குக் கொடுத்துப் போட்டேன்."

போனை வைத்துவிட்டு என் கணவரிடம் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் திருப்பிக் கொடுக்க வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அது எனக்கு ஆஸ்பத்திரியை விடக் கொடுமையாக இருந்தது.

பிழைத்து வருவதோடு இந்த நோய் முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். வாரக்கணக்கில் அவரால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு இளைப்பாறினார். மூட்டுகள் இரவும் பகலும் கடுத்தன. "இது எனக்க உடம்பு இல்ல பிள்ளே" என்பார்.

சுகுமாரன் நல்ல மனிதர், சிறு பிள்ளைகள் உள்ளவர். சிரட்டைகளை நிமிர்த்தி வைத்து வெட்டினார். மழை வந்தபோது கவிழ்க்கச் சொல்லிப் போனேன். "கவுத்தினா சாரு என்னெயும் மாத்துவாரு, சேச்சி" என்றார். என் வீட்டிலேயே கேட்ட பதில்தான்.

பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஒருநாள் காலையில் அவர் மனைவி லதா குழாயடியில் சிரித்த முகத்தோடு சொன்னாள்: "காச்சல் விட்டுது சேச்சி. மழையும் இல்ல. இப்பதான் வெட்டுக்குப் போனாரு."

நான் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து இவரிடம் சொன்னேன். நடக்க முடியாத மனிதர் எனக்கு முன்னால் எழுந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டே மேட்டில் ஏறினார். சுகுமாரன் ஒரு மரத்தில் சாய்ந்து நின்றார், முகம் வெளிறியிருந்தது.

"எலே, வயிறு வலிக்கா?"

"கொஞ்சம் உண்டு, அண்ணா. இந்த வரிசெ முடிச்சிட்டு..."

"கத்திய தா. நீ ஆசுபத்திரிக்குப் போ."

"மரம் போவும், அண்ணா."

"போவாது. நீ வாற வரெ நான் வெட்டுதேன். மழை வந்தா கவுத்திட்டு இஞ்சயே நிப்பேன். சிரட்டெ கவுந்து கெடந்தாலும் ஆளு நிக்குதெ சாரு பாக்கட்டும்."

"அப்பொ பங்கு?"

"ஒனக்காக்கும்."

என் நாக்கின் நுனி வரை வந்தது: அவை நாங்கள் வெட்டிவந்த மரங்கள், பிழைப்பு இல்லாமல் கிடப்பவர்கள் நாங்கள். சுகுமாரனின் கையைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. வாயை மூடிக்கொண்டு, லதாவையும் அவரையும் நானே கீழே கொண்டுபோய் பஸ் மறித்து ஏற்றிவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது இவர் முதல் மரத்தைத்தான் கீறி முடித்திருந்தார். கீறல் கோணலாக இருந்தது. முன்பெல்லாம் இந்த மேட்டை வெளிச்சம் வருவதற்குள் ஓடி முடிப்பவர். இப்போது மரத்தில் நெற்றியை வைத்து மூச்சு வாங்கினார். நான் வாளியோடு நின்றேன். காலை, மதியம் என்று எங்களுக்கு இப்போது எதுவும் இல்லை. ஒரு மரம், அது முடிந்தால் இன்னொரு மரம்.

நான்காவது மரத்தில் நிற்கும்போது லதா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள்.

"என்னெ சொன்னா?" என்று கேட்டார்.

"அணு கொறஞ்சிட்டே இருக்காம். ரத்தத்துக்கு ஆளு வேணுமாம்."

எல்லோருக்கும் காய்ச்சல் வந்துபோன எங்கள் ஊரில் யாரிடம் கேட்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அடுத்த மரம் வரை நடக்க என் தோளைக் கேட்டார். கொடுத்தேன்.