மூன்று கால் புல்லர்

அப்பா வீட்டுக்கு வந்ததை அவருடைய பழைய கார்தான் முதலில் அறிவிக்கும். வெள்ளைக்காரத் துரை ஒருவர் திருகோணமலையை விட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போன கார் அது. கொட்டிலுக்குள் நிறுத்தியதும் ‘படார்’ என்று ஒரு வெடி போடும். உடனே அம்மா கொண்டையை முடிந்துகொண்டு குசினியால் வெளியே வருவா.

ஒரு மாரியில், காரைக் கொட்டிலில் விட்டுவிட்டுத் துறைமுக லோஞ்சுப் படகில் போன அப்பா திரும்பவில்லை. லோஞ்சும் திரும்பவில்லை. அந்தியேட்டிச் சடங்கு செய்ய அம்மா விடவில்லை, பொட்டையும் அழிக்கவில்லை. அடுத்த மாரியும் கழிந்த பிறகு மாமா, அதாவது அம்மாவின் தம்பி, காரை விற்க ஆள் பிடித்தார். “கார் போனாலாவது அக்காவுக்கு விளங்கும், அத்தான் இனி வரமாட்டார் எண்டு,” என்று பெரியம்மாவிடம் சொன்னார். அம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, ஏலாது என்றும் சொல்லவில்லை.

காரோ அசைய மறுத்தது. உப்புக்காற்றில் ஒரு பின் சில்லு இறுகிப்போயிருந்தது. சில்லைக் கழற்றியும் அதைப் பூட்டும் இரும்புக் குடம் அச்சை விட்டு வரவில்லை. மாமா சீனன்குடாவில் ஒரு புல்லர் இரவல் வாங்கி வந்தார். அதற்கு மூன்று கால். நண்டு மாதிரிக் குடத்தைக் கவ்விக்கொள்ளும்; நடுவிலுள்ள முறுக்காணி அச்சைத் தள்ளும். மாமா முறுக்கினார், முறுக்கினார், மூச்சு வாங்கியதுதான் மிச்சம். “கிடக்கட்டும் சனியன். இந்த இறுக்கத்தில விட்டா தானாக் கழரும்,” என்று கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட வந்தார்.

நல்ல மத்தியானம். ஒரு காகம்கூடக் கத்தவில்லை. கொட்டிலுக்குள் ஒருவரும் இல்லை.

படார்!

அதே வெடி. பெரியம்மா “முருகா!” என்று படலையடிக்கு ஓட, நானும் பின்னால் ஓடினேன். அம்மா ஓடவில்லை. கொண்டையை முடிந்தா. கொட்டில் வாசலில் போய் நின்று இருட்டைப் பார்த்து, “இஞ்சருங்கோ, காலைக் கழுவிப்போட்டு வாங்கோ, சோறு ஆறுது,” என்றா. அம்மா அப்பாவை மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவா. உள்ளே இரும்பு ஏதோ மெல்ல ஆடி ஓய்ந்தது.

மாமா சோற்றுக் கையோடு எழுந்து போனார். குடம் கழன்று, புல்லரோடு நிலத்தில் கிடந்தது. “அக்கா, அது...” என்று தொடங்கியவர், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அம்மா உள்ளே போய் இன்னொரு தட்டில் சோறு போட்டா.

பின்னேரம் கார் வாங்க வந்தவரை மாமா படலையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார். பிறகு கொட்டிலுக்குள் போய்க் குடத்தை அச்சில் ஏற்றி, கண்ணைத் துடைத்துத் துடைத்து, பழையபடி இறுக்கினார். இவ்வளவு பாடுபட்டுக் கழற்றியதைத் திரும்பப் பூட்டுகிறாரே, மாமாவுக்கு விசர் பிடித்துவிட்டது என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன்.