வெட்டாமல் விட்ட மூன்று வளையங்கள்

எங்கள் ஏரியில் இறங்கும் டைவர்கள் அத்தனை பேருடைய கழுத்தளவும் ஒருத்திக்கு மனப்பாடம். அதனால் அவளுக்குக் கழுத்தக்கா என்று பெயர் வந்தது. டைவிங் சாமான் விற்கும் கடையின் பின்னறையில் ஒரு நீள மேசை, ஒரு ஜன்னல், தலையைக் கிறுகிறுக்க வைக்கும் பசை நாற்றம், நடுவில் அக்கா. பதினெட்டு வருஷமாக அங்கே ட்ரைசூட்டுகளுக்கு ரப்பர் வைக்கிறாள்.

ட்ரைசூட் என்பது குளிர்ந்த தண்ணீரில் உடம்பு நனையாமல் இறங்குவதற்கான உடை. பூட்ஸ் அதோடேயே ஒட்டியிருக்கும். தலையும் இரண்டு கைகளும் மட்டும்தான் வெளியே. ஆக, தண்ணீர் உள்ளே வர மூன்று வாசல்கள். அவற்றை அடைப்பது சீல் என்று சொல்லப்படும் ரப்பர் பட்டைகள். கழுத்து சீல் புனல் மாதிரி மேலே குறுகிக்கொண்டே போகும். அதில் வளையம் வளையமாகக் கோடு போட்டிருக்கும். கழுத்துக்குத் தகுந்தபடி ஒவ்வொரு வளையமாக வெட்டி அகலமாக்க வேண்டும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

நான் கரையில் கயிறு பிடிக்கிறவன். குடிநீர்க் குழாயின் வாயில் ஒரு கம்பித் தடுப்பு இருக்கிறது. அதில் சேரும் குப்பையை அக்காவின் வீட்டுக்காரர் உள்ளே போய் எடுப்பார். அவர் இடுப்புக் கயிற்றின் மறுமுனை என் கையில் இருக்கும். அவளை அக்கா என்று கூப்பிட்டதால் அவர் எனக்கு மாமாவாகிவிட்டார். மற்றபடி ரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது.

சீல் வாங்க வருகிறவர்களை அக்கா லேசில் விடமாட்டாள். முதலில் கையில் ஒரு சுத்தியலைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்வாள். மணிக்கட்டில் நரம்பு எத்தனை புடைக்கிறது என்று குனிந்து பார்ப்பாள். மெலிந்த கையில் நரம்புகளுக்கு நடுவே வாய்க்கால் மாதிரிப் பள்ளம் விழும், அந்த வழியாகத் தண்ணீர் ஏறும். அப்படிப்பட்ட கைக்கு நீளமான சீல்தான் கொடுப்பாள், எவ்வளவு கெஞ்சினாலும் வேறு கொடுக்கமாட்டாள். பிறகு கழுத்து சீலை மாட்டி முக்காலியில் பத்து நிமிஷம் உட்கார வைப்பாள். ஊரே நாள் கணக்காகக் காத்திருந்தாலும் அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு நிமிஷம் குறையாது. போலீஸ் விசாரணை தேவலை என்று சலித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர்களும் அடுத்த சீலுக்கு அவளிடமே வந்தார்கள்.

இப்படிப்பட்டவள் கையிலும் ஒருமுறை பிசகியது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலத்தில் அவள் ஒட்டிய கழுத்து சீல் தண்ணீருக்கடியில் பசை விட்டுப் பிரிந்துவிட்டது. உடை வேறு யாருடையதும் இல்லை, மாமாவுடையது. உடைக்குள் இடுப்பு வரை ஐஸ் தண்ணீர் நிறைந்துவிட்டது, மூட்டை மாதிரி அவரை இழுத்துக் கரையில் போட்டேன். ஆஸ்பத்திரியில் நான்கு நாள். அக்கா மூன்று மாதம் பின்னறைப் பக்கமே வரவில்லை. ஒருவழியாகத் திரும்பி வந்தபோது ஊருக்கெல்லாம் பழையபடி வெட்டினாள். மாமாவின் சீலில் மட்டும், மறுபடியும் தண்ணீர் புகுந்துவிடுமோ என்ற பயத்தில், ஒரு வளையத்தைக்கூட வெட்டவில்லை, அவரை முக்காலியில் உட்கார வைக்கவும் இல்லை. அது எனக்கு அப்போது தெரியாது.

இந்த வருஷம் அவருக்குக் கழுத்தில் அரிப்பு வந்தது. இத்தனை நாளும் அவர் போட்டது நியோப்ரீன் என்கிற தடித்த ரப்பர். அக்கா அதை எடுத்துவிட்டுத் தோலை உறுத்தாத சிலிக்கோன் வைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் கிறுகிறுப்பு ஆரம்பித்தது. இரண்டு மாதத்தில் மூன்று தடவை. மூன்றாவது தடவை, இறங்குவதற்கு முன்னால், கயிறு சரியாக இருக்கிறதா என்று இடப்பக்கம் திரும்பி என்னைப் பார்த்தவர் அப்படியே மண்டிபோட்டு விழுந்தார்.

எங்கள் குடிநீர்க் கம்பெனியின் டாக்டர் அவர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார். எல்லாம் சுத்தமாக இருந்தது. "இன்னொரு தடவை விழுந்தா என்னால கையெழுத்துப் போட முடியாது. தண்ணியை மறந்துட்டு கேட்ல உக்கார வேண்டியதுதான்" என்றார். தண்ணீரில் இருபத்தாறு வருஷம் இருந்த மனுஷன் கேட்டில் உட்கார்ந்து வருகிற போகிற வண்டி நம்பரை எழுதுவதா? வெளியே வந்ததும் மாமா என் தோளைப் பிடித்தார்.

"மாடிப்படியில மயக்கம் வந்துச்சுன்னு உங்க அக்காகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நீ வாயத் திறக்காதே."

"ஏன் மாமா? நடந்தது நடந்தபடி சொன்னா என்ன?"

"சொல்லாதேன்னா சொல்லாதே."

நானும் கமுக்கமாக இருந்துவிட்டேன். அது பெரிய முட்டாள்தனம். அக்கா அதை இருதயக் கோளாறு என்றே நம்பி, வீட்டில் உப்பைக் குறைத்து அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தாள்.

பழுது பார்க்கக் கொடுத்த கையுறையை வாங்க ஒரு நாள் கடைக்குப் போனேன். புது ட்ரைசூட்டோடு ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்திருந்தார். எந்தச் சீல் உசத்தி என்று அவர் கேட்க, அக்காவின் விசாரணை ஆரம்பமாகியிருந்தது.

"உசத்தின்னு ஒண்ணும் இல்ல டீச்சர். லேட்டக்ஸ் நல்லா இழுத்துக் கொடுக்கும், ஆனா நகம் பட்டா கிழியும். நியோப்ரீன் கதகதப்பா இருக்கும், முரட்டுக் கைக்குத் தாங்கும், போகப்போகத் தளரும். சிலிக்கோன் மெத்துனு இருக்கும், அரிக்காது. கிழிஞ்சா கரையிலயே அஞ்சு நிமிஷத்துல கழட்டி மாத்திக்கலாம். ஆனா அது எவ்வளவு இழுத்தாலும் பழைய அளவுக்கே திரும்பிடும், தளரவே தளராது. அதனால வெட்டித்தான் ஆகணும்."

"சிலிக்கோனே வைங்க. ஆனா வெட்ட வேண்டாம், இறுக்கமாவே இருக்கட்டும். எனக்கு நனைஞ்சா பிடிக்காது."

அக்கா வாதாடவில்லை. வெட்டாமலேயே மாட்டிவிட்டு முக்காலியில் உட்கார வைத்தாள். நான்காவது நிமிஷம், "இப்ப மெதுவா இடப்பக்கம் திரும்பிப் பாருங்க" என்றாள். டீச்சர் திரும்பினார். முகம் வெளுத்தது. கை மேசையைத் தேடியது. அக்கா சட்டென்று இரண்டு விரலைச் சீலுக்குள் விட்டு இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. கழுத்துல ரெண்டு பக்கமும் ரத்தக் குழாய் இருக்கு. அத அமுக்கினா இருதயம் ஏமாந்து போயி மெதுவா அடிக்கும். திரும்பினா இன்னும் அமுக்கும், உடனே மயக்கம் வரும். ரெண்டு வளையம் வெட்டினா சரியாப் போயிடும்."

டீச்சர் போகும்வரை நின்றேன்.

"அக்கா, மாமா சீல்ல எத்தனை வளையம் வெட்டினீங்க?"

"எதுக்குக் கேக்குற?"

"அவர் விழுந்தது மாடிப்படியில இல்லக்கா. கரையில. மூணு தடவையும் சூட்டோட. இந்தப் பக்கம் திரும்பி என்னைப் பாக்கும்போது."

அக்கா கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள், எடுத்தாள், மறுபடியும் வைத்தாள். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டுக்கு நடந்தாள். நான் கையுறையை மறந்துவிட்டுப் பின்னால் ஓடினேன்.

மாமா துணி மடித்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்தார், பின்னால் என்னைப் பார்த்தார். குட்டு உடைந்துவிட்டது என்று புரிந்துகொண்டார்.

"கழுத்து இறுக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?" என்றாள் அக்கா.

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"எட்டு வருஷமா."

நியோப்ரீன் இருந்தவரை அவரிடம் ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு புதுச் சீலையும் அவளுக்குத் தெரியாமல் காற்று சிலிண்டர்மேல் இழுத்து மாட்டி, நான்கைந்து நாள் வைத்து, தளர்த்திப் போட்டுக்கொள்வாராம். சிலிக்கோனிடம் அந்த வித்தை பலிக்கவில்லை. "வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?" என்று அக்கா கத்தினாள். மாமா மடித்த துணியையே பிரித்து மறுபடியும் மடித்தார்.

"அன்னிக்கு நீ மூணு மாசம் கத்தரிக்கோலத் தொடல. மறுபடியும் குறைன்னு சொன்னா நீ தொடவே மாட்டியோன்னு இருந்துச்சு."

எட்டு வருஷம் ஒருத்தர் கழுத்து நெரிபட்டதை வாயைத் திறந்து சொல்லவில்லை, ஊரின் கழுத்தையெல்லாம் அளந்தவள் ஒன்றையும் கேட்கவில்லை. எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சலாக வந்தது. என் மேலும்தான்.

மறுநாள் மூன்று பேரும் டாக்டரிடம் போனோம். டாக்டர் முதலில் நம்பவில்லை. பிறகு மாமாவைப் படுக்க வைத்து, ஒயர்களை ஒட்டி, வெட்டாத சீலோடு உடையின் மேல்பாதியை மாட்டச் சொன்னார். மெஷின் டிக் டிக் என்று கோடு போட்டுக்கொண்டிருந்தது. "இடப்பக்கம் திரும்புங்க" என்றார். இரண்டு துடிப்புக்கு நடுவே இடைவெளி அகன்றது. அடுத்தது இன்னும் அகன்றது. பிறகு காகிதத்தில் வெறும் நேர்கோடு ஓடியது. டாக்டர் கையை நீட்டுவதற்குள் அக்காவின் இரண்டு விரல் சீலுக்குள் போய்விட்டது. துடிப்பு திரும்பி வந்தது.

டாக்டர் அந்தக் காகிதத்தைக் கிழித்து மேசைமேல் வைத்தார். அக்கா அந்த நேர்கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். தன் கைவேலைக்கு இப்படி ஒரு அத்தாட்சி கிடைக்கும் என்று அவள் நினைத்திருக்கமாட்டாள். அங்கேயே சீலைக் கழற்றி மூன்று வளையங்களை வெட்டினாள். கொண்டுபோயிருந்த கத்தரிக்கோல் ஒரே சுற்றில் பிசிறில்லாமல் போனது. வெட்டிய சீலோடு இருபது நிமிஷம் அவரை நான்கு பக்கமும் திரும்ப வைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் மாமா இறங்கியபோது அக்காவும் கரைக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அங்கே வந்ததே இல்லை. அரைமணி நேரம் தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். நின்றாள் என்பதைவிட என் சட்டையைப் பிடித்துத் தொங்கினாள் என்பதுதான் சரி. மாமா மேலே வந்து, முகக் கண்ணாடியைத் தூக்கினார்.

"கழுத்துல ஒழுகுது" என்றார்.

அக்காவின் பிடி இறுகியது. "எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம். மேலப் பாத்தா வருது. நெஞ்செல்லாம் நனைஞ்சு போச்சு. ஒரு வளையம் அதிகமா வெட்டிட்ட."

"அப்புறம்?"

மாமா இடது கையை நீட்டினார். "இடது மணிக்கட்டும் சரியில்ல. ரெண்டு வருஷமா விரல் மரத்துப் போகுது."

"அப்புறம்?"

"உள்ள போடுற பனியன் குத்துது. நீ ஆசையா வாங்கினதுன்னு சொல்லல."

தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா அழுதுகொண்டே, அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.