தங்கையின் எட்டு மாதம்

போன வருஷம் ஆடி மாதம். குற்றாலத்தில் நல்ல சாரல், ஐந்தருவியில் நிற்க இடமில்லாத கூட்டம். அங்கே போகிற ரோட்டில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருக்கிறேன். மூச்சு விட நேரமில்லாத அந்தச் சமயத்தில்தான், அச்சன்புதூரில் விவசாயம் பார்க்கும் என் தம்பிக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது.

திருநெல்வேலியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "கூடப்பிறந்தவங்களையும் கூட்டிட்டு வாங்க. குடலுக்குள்ள கேமரா விட்டு ஒரு தடவை பாத்துரணும். தொந்தரவு எதுவும் இல்லாட்டாலும் பாக்கணும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இந்த வித்தை எனக்குப் புதிதா என்ன? டூரிஸ்ட் வேன் டிரைவர்களுக்கு என் கடையில் டீயும் ஒரு பாக்கெட் சிப்ஸும் சும்மா கொடுப்பேன். "அண்ணாச்சி கடைச் சரக்குதான் ஒரிஜினல்" என்று சொல்லி வேனோடு கொண்டுவந்து இறக்குவார்கள். ஒருவரை வைத்து ஒன்பது பேரைப் பிடிக்கிற தொழிலில் இருப்பவனிடமே ஆள் பிடிக்கிறாரே என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். "பார்க்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எனக்கு வயிற்றுவலி கிடையாது, ரத்தம் போனது கிடையாது. வருஷம் தவறாமல் அருவியில் குளிக்கிற உடம்பு, சூடே அண்டாது. அப்புறம் நோய் எங்கிருந்து வரும் என்பதுதான் என் கணக்கு. இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் குத்துக்கல்வலசையிலிருந்து என் தங்கை கடைக்கு வந்தாள். அவள் வீட்டுக்காரர் வெளிநாட்டில் வேலை பார்ப்பதால் எதையும் என்னிடம் கேட்டுத்தான் செய்வாள்.

"அண்ணே, டாக்டர் அவ்வளவு தூரம் சொல்லுதாவள்லா, நாம ரெண்டு பேரும் ஒரு எட்டு போயிட்டு வந்துருவமா?"

"ஏட்டி, உனக்குக் கூறு கெட்டுப்போச்சா? இது ஆம்பளைகளுக்கு வாரது. நல்லா இருக்க குடலுக்குள்ள குழாய விட்டு ஓட்டையப் போட்டுட்டு, பொறவு அதுக்கும் ஆபரேஷன்னு சொல்லுவானுவ. பேசாம கெட."

அவள் சரியென்று தலையாட்டிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினாள். நல்லவேளை, தங்கச்சியைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்குப் பெருமை வேறு.

தம்பி விடவில்லை. மருந்து ஏற்றி ஏற்றி முடியெல்லாம் கொட்டிப்போன நிலையிலும் வாராவாரம் போன் செய்து, "போனியா?" என்று கேட்பான். பங்குனியில் ஒருநாள், "நீ போறவரைக்கும் எனக்குப் போன் பண்ணாத" என்று வைத்துவிட்டான். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. இங்கே யாருக்கும் தெரியாமல் மதுரைக்குப் போவது, தம்பியைப் பற்றி வாயே திறக்காமல் பரிசோதனை செய்வது, ஒன்றுமில்லை என்று எழுதி வாங்கிவந்து அவன் முகத்தில் நீட்டுவது. சிபிஐ அதிகாரி மாதிரி கிளம்பினேன்.

முதல் நாள் குடலைச் சுத்தம் செய்ய மருந்துத் தண்ணீர் கொடுத்தார்கள். உப்புக் கரித்தது. லாட்ஜில் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடந்தே கால் ஓய்ந்தது. துணைக்கு வந்திருந்த என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இதுவே இப்படியென்றால் நாளைக்கு உயிரே போய்விடும் என்று பயந்தேன். ஆனால் மறுநாள் ஊசி போட்டதுதான் தெரியும். கண் விழித்து, "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன். முடிந்துவிட்டது என்றார்கள்.

அந்த டாக்டரம்மா கம்ப்யூட்டரில் படம் காட்டினார். சுண்டைக்காய் அளவில் இரண்டு சதைக்கட்டிகள். "இப்பவே எடுத்தாச்சு. விட்டிருந்தா சில வருஷத்துல புற்றா மாறியிருக்கலாம்" என்றார். அது என் குடல்தானா என்று கேட்டேன்! அவர் கோபப்படாமல் படத்தின் மேலிருந்த என் பெயரைக் காட்டினார். பிறகு, "கூடப்பிறந்தவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அதே வார்த்தை. இவருக்கும் திருநெல்வேலி டாக்டருக்கும் என்ன சம்பந்தம்? என் சந்தேகம் நிற்க இடமில்லாமல் போனது. கூடவே தங்கையின் நினைப்பு வந்தது. அங்கிருந்தே அவளுக்குப் போன் செய்தேன்.

"நீதானண்ணே வேண்டாம்ன?" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை, புரியாமல்தான் கேட்டாள்.

மறுவாரமே அவளை மதுரைக்கு அழைத்துப்போனேன். அவளுக்கு இருந்தது ஒரே கட்டிதான், ஆனால் பெரியது. அது புற்றாக மாற ஆரம்பித்துவிட்டது என்று ரிப்போர்ட் வந்தது. ஆரம்பக் கட்டம் என்பதால் குடலில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மாவைத் தனியாகப் பார்த்து, "எட்டு மாசத்துக்கு முன்னால கூட்டிட்டு வந்திருந்தா வெட்டாமலே முடிஞ்சிருக்குமா?" என்று கேட்டேன்.

"முடிஞ்சிருக்கலாம். ஆனா அதை இப்ப யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றார்.

என் தங்கை இன்றுவரை அந்த எட்டு மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. என் உடம்பு விஷயத்தில் டாக்டர் மேல் எனக்கு என்ன சந்தேகம் இருந்திருந்தாலும் அது என்னோடு போகட்டும். அவள் உடம்புக்கும் சேர்த்து நான் தீர்ப்புச் சொன்னேனே, அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.