மெழுகுவர்த்திக்காரர்கள் இறங்கிய துறை

அந்த அழைப்பு சகாயமேரி அக்காவின் எண்ணிலிருந்தே வந்தது. திங்கட்கிழமை காலை. பெரம்பலூரில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில், வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். லீவு சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "எங்கக்கா இருக்கீங்க? கூட்டம் நிக்கிது" என்றேன். பேசியது அவர் கணவர் அந்தோணிசாமி. "பாப்பா, அக்கா போயிட்டாம்மா" என்றார். நான் "எங்கண்ணே?" என்று கேட்டுவிட்டேன். அதை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது.

ஏலாக்குறிச்சி மாதா கோயிலின் பங்கு மலருக்கு அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். நான் உங்கள் கோயிலைச் சேர்ந்தவள் இல்லை. ஆறு வருடம் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள், அவ்வளவுதான். உங்களில் பலரின் கையில் அவர் ஊசி ஏற்றியிருப்பார். அப்போது உங்களிடமும் சொல்லியிருப்பார்: "மொகத்த அந்தாண்ட திருப்பிக்கங்க. பாக்க வேண்டியத நான் பாத்துக்குறேன்." பயில்வான் மாதிரி வந்த ஒரு போலீஸ்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு நடுங்கியபோது, "சார், இன்னும் ஊசியே எடுக்கலயே, அதுக்குள்ள எதுக்கு அழுவுறீங்க?" என்று கேட்டார். அவரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே ஊசி ஏறிவிட்டது.

அவருடைய நேர்ச்சை உங்கள் எல்லோருக்கும் தெரியும். சுண்ணாம்புக்கல் லாரி கவிழ்ந்து அந்தோணிசாமி அண்ணன் நினைவில்லாமல் கிடந்த நாட்களில், தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் அக்கா செல்போனில் ஒரு காணொளி பார்த்திருக்கிறார். கிரேக்க நாட்டில் தீனோஸ் என்றொரு தீவு. துறையிலிருந்து மேட்டிலுள்ள மாதா கோயில் வரைக்கும் ஆட்கள் முழந்தாளிலேயே போகிறார்கள். அண்ணன் எழுந்து நடந்தால் அங்கே வந்து முட்டி போடுகிறேன் என்று அந்த இடத்திலேயே வேண்டிக்கொண்டார். அண்ணன் நடந்தார். நம்ம ஊர் மாதா போதாதா என்று நான் கேட்டதற்கு, "பக்கத்துல இருக்கவங்கள தெனமும் தொந்தரவு பண்ணிக்கிட்டுத்தான இருக்கேன். தூரத்துல இருக்கவங்ககிட்ட கேட்டாதான் கெளம்பிப் போவணும். அப்ப மறக்க மாட்டேன்" என்றார்.

ஐந்து வருடம் கழித்து, திருச்சியிலிருந்து கிளம்பிய ஒரு சுற்றுலாக் குழுவோடு போனோம். துணைக்கு வா என்று அவர் கூப்பிட்டபோது நான் தயங்கவே இல்லை. அந்தத் தீவுகளைப் பற்றிப் படித்துப் படித்தே வளர்ந்தவள் நான். எழுத்துக்கூட்டிக் கிரேக்கம் வாசிக்கக்கூடப் பழகியிருந்தேன். பார்க்க வேண்டிய இடங்கள் என் நோட்டு நிறைய இருந்தன. அக்காவுக்கு ஒன்றே ஒன்று.

ஆனாலும் எனக்கு வழிகாட்டி சொன்னதெல்லாம் மறந்துவிட்டது, அக்கா சொன்னதுதான் நிற்கிறது. நாக்ஸோஸ் தீவில் கடலோரத் திட்டின் மேல் பளிங்குக் கல்லால் ஆன ஒரு பெரிய வாசல் மட்டும் தனியாக நிற்கிறது. பின்னால் சுவர் இல்லை, கூரை இல்லை. வாசலுக்குள் வானம்தான் தெரிகிறது. இடிந்த கோயில் என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அக்கா மட்டும், "இடியலங்க. நெல வச்சதோட வேல நின்னுபோயிருக்கு" என்றார். புதுவீட்டுக்கு நிலை வைத்ததும் கையில் இருந்தது தீர்ந்து, வருடக்கணக்காக நிற்கும் வீடுகள் அரியலூர்ப் பக்கம் எத்தனை! வழிகாட்டி வியந்துபோனார். அது கட்டி முடிக்கப்படாத கோயில்தானாம்.

டீலோஸ் தீவில் தேய்ந்த கல் சிங்கங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. புனிதத் தீவு என்பதால் பழங்காலத்தில் அங்கே யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று சட்டம் இருந்ததை நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். "அப்ப நடுவுல இருக்கறத மட்டும் பண்ணிக்கலாமா? அதான பாப்பா கஷ்டம்" என்று சொல்லிவிட்டு, சிங்கத்தின் நிழலில் உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்.

இனி, உங்களுக்குத் தெரியாததைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் தங்கியிருந்த மிக்கோனோஸிலிருந்து தீனோஸ் போக ஒரே ஒரு நாள்தான் ஓய்வாகக் கிடைத்தது. காலைப் படகில் ஏறினோம். நான் படித்திருந்த பழைய பயண நூலில் பயண நேரம் அதிகமாகப் போட்டிருந்தது. படகு சீக்கிரமே ஒரு துறையில் நின்றது. ஜெயங்கொண்டம் பஸ்ஸில் நிறுத்தம் வருவதற்கு முன்பே படிக்கட்டுக்குப் போய்விடுவாரே, அதே மாதிரி அக்கா பையைக் கட்டிக்கொண்டு கதவருகே நின்றிருந்தார். பையில் ஏலாக்குறிச்சியில் வாங்கிய மெழுகுவர்த்திகள்.

"பாப்பா, இதாத்தான் இருக்கும்போல. எல்லாரும் மெழுகுவத்தியோட எறங்குறாங்க பாரு."

நான் நூலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இது இல்லக்கா. இன்னும் நேரம் இருக்கு. அடுத்ததுதான்."

அவர் இறங்கிப் போகிறவர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வந்து உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த துறையில் இறங்கி நிமிர்ந்ததும் பலகையை வாசித்தேன். சீரோஸ் என்று இருந்தது. விசாரித்தேன். எங்களுக்கு மிச்சமிருந்த படகு சாயங்காலம்தான், அதுவும் தீனோஸில் நிற்காமல் மிக்கோனோஸ் போவது. மறுநாள் காலை ஊர் திரும்பும் விமானம். அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டார்: "எங்கேருந்து முட்டி போடணும்?" இது தீனோஸ் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஊருக்குப் பின்னால் ஒரு குன்று முழுக்க வெள்ளை வீடுகள். உச்சியில் ஒரு கோயில் தெரிந்தது. அதைக் காட்டினேன்.

படிகள் முடிவில்லாமல் ஏறின. கடைசித் திருப்பத்திலிருந்து அவர் முழந்தாளிட்டார். அங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை. ஜன்னல்கள் திறந்தன. ஒரு மிட்டாய்க் கடைக்காரர் ஓடிவந்து, தன் கடை அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து முட்டிக்கு அடியில் போட்டார். அக்கா ஒவ்வொரு படிக்கும் அந்த அட்டையை இழுத்துப் போட்டுப் போட்டு ஏறினார். நான் அழுதேன். தன் கால் வலியைப் பார்த்து அழுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, "நீ அந்தாண்ட திரும்பிக் கடலப் பாரு. நான் பாத்துக்குறேன்" என்றார்.

அது புனித ஜார்ஜ் பெயரில் உள்ள கோயில். உள்ளே குதிரை மேல் ஈட்டியோடு அவர். அக்கா மூச்சு வாங்கியபடி சற்று நேரம் குதிரையைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் மாதாவின் படத்தைக் கண்டு, "மாதா ஓரமா இருக்காங்க" என்று மட்டும் சொன்னார். மெழுகுவர்த்திகளை ஏற்றினார். அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் பரிசோதனை நிலையத்தில் சோதனைக் குழாய்த் தாங்கிக்கு அடியில் அந்த அட்டையைப் பரப்பினார். எழுத்து மேலே தெரியும்படி. அதில் சீரோஸ் என்று கடைக்காரரின் தீவுப் பெயர் கிரேக்க எழுத்தில் பெரிதாக இருந்தது. அவருக்குக் கிரேக்கம் வாசிக்கத் தெரியாது, எனக்குத் தெரியும். எட்டு மாதம், தினமும், என் கண்ணெதிரே. அது எனக்காகவா, இல்லை தாங்கி ஆடாமல் நிற்பதற்காகவா? கேட்கத் துணியவில்லை.

அடக்கத்தன்று வீட்டில் அண்ணனின் தங்கை ஆரோக்கியம் அழுதுகொண்டே சொன்னார்: "வேண்டுதல்ல அண்ணி ஏதோ கொற வச்சிருக்காங்க. இல்லன்னா, புருசன எழுப்பிக் குடுத்த மாதா இவங்களயா படுக்க வைப்பாங்க?" அண்ணன் என் பக்கம் திரும்பினார். "பாப்பா கூடத்தான் போனிச்சு. நீயே சொல்லும்மா. நல்லபடியா முடிச்சால்ல?" அந்த அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "முடிச்சாங்கண்ணே" என்றேன். இந்த மாதிரிக் கணக்குகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் நம்புகிற ஒருவரிடம் உண்மையைச் சொன்னால், உன் மனைவி என்னால்தான் போனாள் என்று சொல்வதாக ஆகிவிடும். பொய்யையே விட்டுவைத்தால், அக்கா ஏறிய படிகள் இல்லாமல் போய்விடும். எது சரி என்று இன்றுவரை தெளிவாகத் தெரியவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு முன், கோயில் வளாகத்தில் வெளியூர்ப் பஸ்கள் நிற்கும் இடத்தில், அண்ணனிடம் முழுவதையும் சொன்னேன். அவர் ஊன்றுகோலால் மண்ணைக் கிளறிக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கே அவகிட்ட ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சுண்ணே."

"அவகிட்டயா? சரிதான். நானே பயப்படுவேன்." பிறகு, "முட்டில கல்லு குத்துச்சா?"

"அட்டை போட்டுக் குடுத்தாங்க."

தலையாட்டினார். "வந்தன்னிக்கு ராத்திரி சொன்னா பாப்பா. மெழுகுவத்தி வச்சிருந்தவங்கள்லாம் முந்துன ஊருலயே எறங்கிட்டாங்கன்னு."

"அப்ப அக்காவுக்குத் தெரியுமாண்ணே? அதுக்கப்புறம் என்ன சொன்னாங்க?"

"தெரியலம்மா. நான் தூங்கிட்டேன்."

அதைச் சொல்லும்போது அவர் முகம் கோணியது. வேறெதற்கும் அழாத மனிதர் அதற்கு அழுதார். ஆரோக்கியம் அக்காவுக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். "அவ கெடக்கா. நான் நடந்து அஞ்சு வருசம் கழிச்சுத்தான் இவ படகே ஏறுனா. இதுல யாருக்கு என்ன கொற? எனக்குப் புரியல. ஒனக்கும் புரியல. ஆனா நீ எழுதும்மா, மறைக்காத. எனக்காக முட்டி போட்டிருக்கா. எந்தப் படியில போட்டான்னு எனக்குச் சரியாத் தெரியணும்ல?"

ஆகவே எழுதுகிறேன். அது தீனோஸ் இல்லை. சீரோஸ் தீவில், குன்றின் மேல், கடைசித் திருப்பத்திலிருந்து கோயில் வாசல் வரைக்குமான படிகள்.

அட்டை இப்போதும் அதே இடத்தில், தாங்கிக்கு அடியில் இருக்கிறது. எடுத்துப்போகச் சொன்னேன், அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். ஆனால் அக்காவிடமிருந்து என்னிடம் தங்கிவிட்டது அதுவல்ல. கையில் பையோடு, கதவருகே, இறங்க வேண்டிய இடத்தில் நின்றவர், என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாரே, அதுதான். என் படிப்பை நம்பி உட்கார்ந்தாரா, என் முகம் வாடக் கூடாது என்று உட்கார்ந்தாரா? சிறுவாச்சூர் நிறுத்தம் வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் எழுந்து, "இதானே?" என்று கேட்டால், இப்போது நான் புத்தகத்தை மூடிவிட்டு, எழுந்து நின்று, வெளியே பார்த்த பிறகுதான் பதில் சொல்கிறேன்.