மொமோசே வீட்டு மாப்பிள்ளை ஓடிய ஓட்டம்

யசுஹிகோ ஓட ஆரம்பித்தபோது அவனுக்கு நாற்பத்து நான்கு வயது. எங்கள் மிசாகாவில் அந்த வயதில் ஆட்கள் புதிதாக ஆரம்பிப்பது ரத்த அழுத்த மாத்திரை ஒன்றைத்தான். விடிவதற்கு முன் ஆப்பிள் தோப்புகளுக்கு நடுவே ஒருவன் மூச்சிரைக்க ஓடுவதைப் பார்த்தவர்கள், யாருக்கோ ஆம்புலன்ஸ் கூப்பிடப் போகிறான் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

அவன் வீட்டோடு மாப்பிள்ளை. நீகாதா கடற்கரையிலிருந்து வந்து, மொமோசே வீட்டுப் பெண் சயோகோவைக் கட்டிக்கொண்டு, தன் குடும்பப் பெயரையே விட்டுவிட்டு அவர்கள் பெயரை எடுத்துக்கொண்டவன். பதினெட்டு வருஷமாகக் கூரையில் பனியை வாரியிருக்கிறான், தோப்பில் கிளை வெட்டியிருக்கிறான், மாமனாரின் காரைக் கழுவியிருக்கிறான். கூட்டுறவுச் சங்கத்தில் ஆப்பிள் தரம் பிரிக்கும் கொட்டகைக்கு அவன்தான் பொறுப்பு. இருந்தும் ஊரில் அவனுக்குப் பெயர் கிடையாது. "மொமோசே வீட்டு மாப்பிள்ளை" என்றால்தான் தெரியும்.

மாமனார் தொகுஜிரோ ஒரு காலத்தில் ஓடியவர். நவம்பர் வந்தால் எங்கள் நகரத்தின் பகுதிகளுக்குள் தொடர் ஓட்டம் நடக்கும். அணிக்கு ஆறு பேர். குச்சிக்குப் பதில் தோளில் குறுக்கே மாட்டும் துணிப்பட்டை கை மாறிக்கொண்டே போகும். எங்கள் பகுதியான மிசாகாவுக்கு நீலப் பட்டை. கிழவர் நாலாவது ஆளாக, ஆற்றோரம் ஏறும் ஐந்து கிலோமீட்டரை எழுபத்தொன்பதாம் வருஷம் பத்தொன்பது நிமிடம் நாற்பது வினாடியில் ஓடினார். அதை வருஷம் தவறாமல் சொல்வார். நேரம் மாறாது. எதிர்க்காற்று மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும்.

ஒருநாள் சாப்பிடும்போது கிழவர் மிசோ சூப்பை உறிஞ்சிவிட்டு, "இந்த வீட்ல ஓடற காலு என்னோட முடிஞ்சு போச்சு" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்தது யசுஹிகோ. மறுநாளே அவன் சாதாரண வேலைச் சப்பாத்தோடு இறங்கிவிட்டான்.

முதல்முறை அந்த ஐந்து கிலோமீட்டருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று, அதில் பாதி நடை. ஒரு வருஷத்தில் எட்டு நிமிடம் குறைந்தது. கொட்டகையில் எல்லோரிடமும் சொல்லவேண்டும் போலிருந்தது, சொல்லவில்லை. இரண்டாம் வருஷம் இன்னும் இரண்டு நிமிடம் கழன்றது. அப்புறம்தான் வேதனை. விடிகாலையில் எழுந்து, மதியச் சாப்பாட்டு இடைவேளையில் மேடேறி இறங்கி, பீரை விட்டு, வறுத்ததை விட்டு ஆறு மாதம் பாடுபட்டால் பத்து வினாடி குறையும். இரண்டு வாரம் சளி பிடித்தால் அதுவும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அணித் தலைவர் கமிஜோ பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர். அவருக்கு எல்லாம் தெரியும். "வயசு போன பெறகு ஆரம்பிச்சா அப்படித்தான் மாப்பிள்ளே. மொதல்ல கொட்டும், அப்புறம் சொட்டும், அப்புறம் கொழாய மூடிருவாங்க" என்று சிரிப்பார்.

முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தவனைப் பார்த்து சயோகோ ஒருநாள் கேட்டாள். "என்னங்க, யாருக்குக் காட்டறதுக்கு இந்தப் பாடு?"

"யாருக்கும் இல்ல. உடம்புக்கு நல்லது."

"உடம்பப் பாத்தா அப்படித் தெரியலையே."

மூன்றாவது நவம்பரில் ஆள் பஞ்சம். வாலிபர்கள் எல்லாம் தோக்கியோவில். கமிஜோ வேறு வழியில்லாமல் அவனை நாலாவது இடத்தில் போட்டார். அவனுடைய சிறந்த நேரம் அப்போது இருபது நிமிடம் ஐந்து வினாடி. ஐந்தாவது இடம் பெண்களுக்கானது. அதில் ஓடப்போவது அவனுடைய மகள், பள்ளி ஓட்டக்குழுவில் இருக்கும் சிஹாரு. கிழவர் ஓடிய அதே பாதையில் ஓடி, பட்டையை மகள் கையில் கொடுத்துவிட்டால், அதன் பிறகு இந்த ஊர் தன்னை மாப்பிள்ளை என்று மட்டும் சொல்லாது என்று நம்பினான். பைத்தியக்காரத்தனமான நம்பிக்கைதான். ஆனால் மூன்று வருஷம் அவனை ஓடவைத்தது அதுதான்.

பட்டை கைமாறுவதில் ஒரு கெடுபிடி உண்டு. முதல் அணி ஒரு நிலையத்தைக் கடந்து பத்து நிமிடம் ஆனதும் துப்பாக்கி வெடிக்கும். சாலையைத் திறந்துவிட வேண்டுமே. பட்டை வராத அணிகளின் ஆட்கள், அதிகாரி மாட்டிவிடும் வெள்ளைப் பட்டையோடு ஓடிவிடவேண்டும். பட்டை அறுந்தது என்போம். மிசாகாவின் பட்டை ஒருமுறையும் அறுந்ததில்லை. அறுந்தால், எந்த வீட்டு ஆள் கையில் அறுந்தது என்பது கல்யாணப் பேச்சு வரைக்கும் வரும்.

ஓட்டத்துக்கு முந்தின மாலை சமூகக்கூடத்தில் சாப்பாடு. பழைய ஓட்டக்காரர்களில் மூத்தவர் ஓடப்போகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு கிண்ணம் சாக்கே, அதாவது அரிசி மது, ஊற்றுவது எங்கள் வழக்கம். பெரியவர் ஊற்றினால் மறுக்கக்கூடாது. உதட்டை நனைத்துவிட்டு வைத்துவிடுவார்கள். கிண்ணம் காலியானால்தான் வம்பு, காலிக் கிண்ணத்தை நிரப்பாமல் விடுவது ஊற்றுகிறவருக்கு அவமரியாதை. யசுஹிகோ எல்லோரையும் காரில் கொண்டுபோய் விடவேண்டியவன் என்பதால் அவனுக்குத் தேநீர்.

அன்று ஊற்றியவர் தொகுஜிரோ. அவரிடம் மாட்டிக்கொண்டவன் மூன்றாவதாக ஓடவேண்டிய ரியோஹெய், கமிஜோவின் மகன். பள்ளிக்காலத்தில் மாவட்டத்துக்கே ஓடியவன், இந்த ஓட்டத்துக்காகத் தோக்கியோவிலிருந்து வரவழைக்கப்பட்டவன். கிழவருக்கு அவன் தொடையைத் தட்டித் தட்டி ஆசை தீரவில்லை.

"காலுன்னா இதுடா காலு. எங்காலப் பாக்கற மாதிரியே இருக்கு. குடி."

"போதும் தாத்தா."

"எழுவத்தொம்பதுல எதிர்க்காத்து எப்படி அடிச்சுது தெரியுமா? கேளு. குடிச்சுட்டுக் கேளு."

நாலாவது கிண்ணத்தில் யசுஹிகோ பக்கத்தில் போய் மண்டியிட்டு மெல்லச் சொன்னான். "மாமா, நாளைக்கு அவன் ஓடணும்."

கிழவர் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "பாருங்கப்பா, தேத்தண்ணி குடிக்கறவர் புத்தி சொல்றார். நானெல்லாம் குடிச்சுட்டுத்தான் ஓடினேன் மாப்பிள்ளே. நீங்க போய் வண்டியத் துடைங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கமிஜோவும் சிரித்தார், பெற்ற தகப்பன். யசுஹிகோ எழுந்து போய்விட்டான். கிண்ணத்தைப் பிடுங்கியிருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றும். வீட்டோடு வந்தவன் எதைப் பிடுங்குவான்? கடைசியில் ரியோஹெய்யைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றி, வழியில் இரண்டு தடவை நிறுத்தி வாந்தி எடுக்கவைத்து, வீட்டில் விட்டவன் அவன்தான்.

மறுநாள் முதல் இருவரும் ஒழுங்காக ஓடினார்கள். மூன்றாவது நிலையத்தில் யசுஹிகோ நின்றான். முதல் அணி போயிற்று. வேறு அணிகள் போயின. கோட்டில் அவனோடு நின்றவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். முதல் அணி போய் எட்டு நிமிடம் ஆனபோது ரியோஹெய் வளைவில் தெரிந்தான், முகம் சாம்பல் நிறம். வரும்போதே கழற்றிக் கையில் இழுத்துப் பிடித்து வரவேண்டிய பட்டை இன்னும் தோளிலேயே கிடந்தது. கழற்ற வராமல் தடுமாறினான். யசுஹிகோவே தலைவழியாக உருவி எடுத்தான். சாக்கே வாடை முகத்தில் அடித்தது.

"மன்னிச்சுருங்கண்ணே" என்றான் ரியோஹெய்.

முதல் அணியின் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டு, சாலையோரத்திலிருந்து கமிஜோ கத்தினார். "பத்தொம்போதரைக்குள்ள போயாகணும் மாப்பிள்ளே! இல்லாட்டி அறுந்துரும்!"

இருபது நிமிடத்துக்குக் கீழே அவன் வாழ்க்கையில் போனதில்லை. அந்த மேட்டில் கிழவரே, தன் நல்ல காலத்திலேயே, பத்தொன்பதரைக்குள் போனதில்லை. யசுஹிகோ கணக்குப் பார்க்கவில்லை. ஓடினான். ஆற்றங்கரை மேட்டில் தொடை எரிந்தது, பார்வை குறுகியது, வாயோரம் எச்சில் வழிந்தது. இத்தனை வேகத்தை இந்த உடம்பு எங்கே ஒளித்து வைத்திருந்தது என்று ஒரு கணம் அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

கடைசி நேர்ச்சாலை. கோடு தெரிந்தது. கோட்டில் சிஹாரு, தோளில் வெள்ளைப் பட்டையோடு, அவனையே பார்த்துக்கொண்டு. பட்டையைக் கழற்றிக் கையில் எடுத்து நீட்டினான். இரண்டு பஸ் நீளம்கூட இல்லை. துப்பாக்கி வெடித்தது.

மற்றவர்கள் பாய்ந்தார்கள். அவள் அசையவில்லை. அதிகாரி முதுகில் கைவைத்து, "போம்மா, போயாகணும்" என்றார்.

"ஓடு சிஹாரு" என்று கத்தினான் யசுஹிகோ. "திரும்பாதே, ஓடு."

அவள் அழுதுகொண்டே ஓடினாள். அவன் கோட்டைத் தாண்டி, நீலப் பட்டையை நீட்டியபடியே இன்னும் பத்தடி ஓடினான். இருவர் வந்து பிடித்து நிறுத்தினார்கள். பத்தொன்பது நிமிடம் முப்பத்து நான்கு வினாடி. நான்கே வினாடியில் போயிற்று.

மாலை அதே கூடத்தில் அதே ஆட்கள். பட்டை யார் கையில் அறுந்ததோ அவன் மன்னிப்புக் கேட்கவேண்டும். யசுஹிகோ பாயில் மண்டியிட்டு நெற்றி தரையில் படக் குனிந்தான்.

"என்னாலதான் அறுந்துது. எல்லாரும் மன்னிக்கணும்."

குனிந்த தலையை அவன் உடனே எடுக்கவில்லை. ஒரு குரலுக்காகக் காத்திருந்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ரியோஹெய் வாய் திறப்பான், இல்லையென்றால் ஊற்றியவர் திறப்பார். ஒருவரும் திறக்கவில்லை. "பரவால்ல, பரவால்ல" என்றார்கள் சிலர், பரவாயில்லை என்ற முகம் ஒன்றும் இல்லை. கமிஜோ பெருந்தன்மையாகச் சொன்னார், "அவரைச் சொல்லிக் குத்தமில்ல. நாப்பதுக்கு மேல ஆரம்பிச்சவர்கிட்ட அதுக்கு மேல எதிர்பாக்கலாமா?" ரியோஹெய் வந்து பீர் ஊற்றினான். கண்ணைப் பார்க்கவில்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ணே" என்றான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கிழவர் முன்னால், யசுஹிகோவும் மகளும் பின்னால். சிஹாருவுக்குப் பொறுக்கவில்லை.

"தாத்தா, அப்பா இன்னிக்கு உங்க நேரத்தத் தாண்டிட்டார். ஆறு செகண்டு."

கிழவர் நிற்காமல் நடந்தார். கேட்கவில்லை போலும் என்று அவள் மறுபடி வாயெடுத்தாள்.

"தெரியும்" என்றார் கிழவர். "ஆனா நான் ஓடிப்போய்ச் சேந்தப்போ, வாங்கிக்க அங்க ஒரு ஆள் நின்னுட்டு இருந்துது."

யசுஹிகோவுக்குக் கேட்டுவிடவேண்டும் போலிருந்தது. நேற்று ஊற்றினது யார் மாமா? நாலு சொல், அவ்வளவுதான். சொன்னால், தான் தோற்றதற்கு மாமனார் மேல் பழி போட்டான் என்று நாளைக்கே பெட்ரோல் பங்கில் பேசுவார்கள். சயோகோ அழுவாள். விழுங்கிவிட்டான்.

"மன்னிச்சுக்குங்க மாமா."

"சரி சரி, விடுங்க." கிழவரின் குரல் இப்போது இளகியிருந்தது, பெரிய மனசு பண்ணுகிறவர் குரல். "கமிஜோகிட்டப் பேசிட்டேன். அடுத்த வருஷம் நாலாவதுல ரியோஹெய்யப் போடறோம். அந்த எடத்துக்கு ஒரு காலு வேணுமில்ல. நீங்க வண்டியப் பாத்துக்குங்க."

சிஹாரு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவன் முன்னால் போய், வீட்டுக் கதவைத் தள்ளித் திறந்து, கிழவர் உள்ளே நுழையும் வரை பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஆகட்டும் மாமா" என்றான்.