பாதியில் நின்ற ரம்பம்

அன்றைக்கு வீட்டில் இருந்தது அப்பா, அம்மா, சித்தப்பா, கடற்கரை விடுதிகளுக்குப் பழைய மரம் வாங்கிக் கொடுக்கும் வியாபாரி ஒருவர், அவருடைய ஆட்கள் இரண்டு பேர், அப்புறம் நான். ஊர்ப் பெரியவர் ஒருத்தரையாவது கூப்பிடச் சொல்லி அம்மா கெஞ்சியும் அப்பா கேட்கவில்லை.

படாளத்தில் எங்கள் வீடு முழுக்க மரத்தில்தான் நின்றது. மண்சுவர் சும்மா மறைப்புக்கு. தேக்குத் தூண்கள், தூண்மேல் உத்தரம், எல்லாவற்றுக்கும் மேலே நீளவாட்டில் ஒரே மரத்தில் மோட்டுவளை. கைமரங்களும் ஓடுகளும் அதை நம்பித்தான் இருந்தன. ஆணி கிடையாது, ஒன்றுக்குள் ஒன்று செருகி மரமுளை அடித்தது. பாகம் பிரித்தபோது தரையை அளந்து நடுவில் ஆள் உயரத்துக்குச் சுவர் வைத்தார்கள். மேலே யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

கிழக்குப் பாதி சித்தப்பாவுக்கு. கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ வாங்க அவருக்குப் பணம் வேண்டியிருந்தது. தன் பாதி மரத்தை விலை பேசிவிட்டார். வளையை நடுவில் அறுத்தால்தான் அவர் பங்கு வரும். அறுத்தால் எங்கள் பாதி நிற்குமா என்று யாருக்கும் தெரியாது.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. எதிரெதிரே நின்றாலும் என் மூலமாகத்தான்.

“முட்டுக் குடுக்கப் பனமரம் கொண்ணாந்து கீறேன். வெக்கட்டுமான்னு உங்கப்பனைக் கேளு.”

“வுழுந்தா என் தலைமேல வுழுது. அவனுக்கு இன்னான்னு சொல்லு.”

இரண்டையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அம்மா அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஆட்கள் கிழக்குப் பக்கத்து ஓடுகளை இறக்கி ரம்பத்தை வைத்தார்கள். மரத்தூள் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் எங்கள் பக்கத்துக் கைமரம் ஒன்று முனகியது. கீழே இருந்த எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். அப்பா மட்டும் உள்ளே போய், வளைக்கு நேர் கீழே கட்டிலை இழுத்துப் போட்டு மல்லாந்து படுத்துக்கொண்டார்.

சித்தப்பா வழக்கம்போல் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு என்னை விலக்கிவிட்டு வாசற்படியில் போய் நின்றார்.

“அண்ணா, எயிந்து வெளிய வா.”

அப்பா திரும்பவில்லை.

சித்தப்பா மேலே பார்த்துக் கையைக் காட்டினார். ரம்பம் நின்றது. வியாபாரி ஏதேதோ பேசிவிட்டு, கொடுத்த முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு ஆட்களோடு கிளம்பினார். இறக்கிய ஓடுகளைச் சித்தப்பா தானே ஏணியில் ஏறி அடுக்க ஆரம்பித்தார்.

வீடு பிழைத்த சந்தோஷம் எனக்கு. சித்தப்பாவின் ஆட்டோ கைநழுவிப் போனது என் மண்டையில் ஏறவே இல்லை. ஏணிக்குக் கீழே நின்று, அப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். அவர் அடுத்த ஓட்டுக்காகக் கையை நீட்டினார்.